மடக்குக் கத்தியைத் தேடுகிறவர்கள்

2004 ஜூலை மாத இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்லென்வில் என்ற ஊரில் இம்பீரியல் ஷ்ரேட் கத்தித் தொழிற்சாலை மூடப்பட்டது. அமெரிக்காவின் இரும்புக்கடைகளில் எல்லாம் கிடைத்த 'ஓல்ட் டைமர்', 'அங்கிள் ஹென்றி' மடக்குக் கத்திகள் அங்கிருந்து வந்தவை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1876ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிவந்த கமில்லஸ் நிறுவனமும் அதே மாநிலத்தில் நொடித்துப்போனது. இந்த இரண்டு மூடல்களுக்கும் நடுவே, 2006இல், பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் ஊரில் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி என்றொரு புதிய ஆலை திறந்தது. நூறாண்டுக்கு முந்தைய வடிவங்களை அந்த ஆலை கையில் எடுத்தது. கார்பன் எஃகு அலகு, எலும்புப் பிடி, பூட்டே இல்லாத மடக்கு. தொழில் தெரிந்தவர்கள் கைவிட்டுவிட்ட சரக்கு அது. ஆனால் அந்த ஆலை இன்றும் நடக்கிறது. அங்கே செய்யும் கத்திகள் சிறு தொகுதிகளாக வெளிவருகின்றன. கடைக்கு வந்த வேகத்தில் விற்றுத் தீர்கின்றன. பிறகு கைமாறும்போது விலை ஏறுகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சேகரிப்பாளர்கள்.

பழைய பாணி மடக்குக் கத்திகளைச் சேர்க்கும் ஆர்வம் ஏன் இப்படி வளர்கிறது? பழமைமீதான ஏக்கம் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. ஏக்கம் மட்டும் இருந்தால் தாத்தாவின் கத்தி ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்திருந்தாலே மனம் நிறைந்துவிடும். புதிய ஆலை ஒன்று அதை நம்பிப் பிழைக்காது. நான் பார்த்தவரை, வேலைக்காகக் கத்தி வாங்கும் ஆட்கள் குறைந்த காலத்தில் சேகரிப்பாளர்கள்தாம் இந்தத் தொழிலின் கடைசி வாடிக்கையாளர்களாக நின்றார்கள். நின்று அதைக் காப்பாற்றினார்கள். அதே கையோடு, வெட்டுவதற்கென்று பிறந்த பொருளை வெட்டாத பொருளாகவும் மாற்றி வருகிறார்கள்.

முதலில் அந்தக் கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றரை அங்குல நீளம், எலும்புப் பிடி, இரு முனையிலும் நிக்கல் சில்வர் பூண். அலகின் பக்கவாட்டில் நகம் வைக்க ஒரு பள்ளம். நகத்தை அதில் ஊன்றி இழுத்தால் முதலில் அலகு வர மறுக்கும். பிடியின் முதுகில் ஓடும் எஃகு ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் பாதி வழியில், செங்குத்தாக, ஒரு கணம் நிற்கும். மறுபடி இழுத்தால் 'டக்' என்று முழுவதும் திறக்கும். பூட்டு எதுவும் இல்லை. அலகின் அடிப்பகுதியைச் சதுரமாகச் சீவிய அளவும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் சேர்ந்துதான் அதை நிறுத்துகின்றன. தேர்ந்த சேகரிப்பாளர் இதைக் காதருகே வைத்துத் திறந்து மூடுவார். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஸ்பிரிங்குக்கும் பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே ஒளி கசிகிறதா என்று பார்ப்பார். மூடிய நிலை, பாதி நிலை, திறந்த நிலை மூன்றிலும் ஸ்பிரிங்கின் முதுகு பிடியோடு ஒரே மட்டமாக இருந்தால் அது நல்ல வேலை. விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

இரண்டு மூன்று அலகுள்ள கத்தியில் வேலை இன்னும் நுணுக்கமானது. எல்லா அலகுகளும் ஒரு பிடிக்குள் ஒன்றையொன்று உரசாமல் மடங்க வேண்டும். அதற்காகக் கொல்லர் ஒவ்வோர் அலகையும் அடிப்பகுதியில் மயிரிழை அளவுக்கு வளைத்துவிடுவார். கொஞ்சம் கூடினால் அலகு பிடியில் மோதும், குறைந்தால் பக்கத்து அலகைக் கீறும். இந்த வளைப்பை அளவுகோல் வைத்துச் செய்வதில்லை. சின்னச் சுத்தியலும் கண்ணும் போதும். இதைச் செய்யத் தெரிந்த கைகள் அருகிவிட்டன என்பதை உணர்ந்த பிறகுதான் பலர் சேகரிக்கத் தொடங்குகிறார்கள். ஆர்வம் அலகின் பளபளப்பில் தொடங்கி இந்த வளைப்பில் வந்து நிலைக்கிறது.

இந்தக் கைத்திறனின் தாய்வீடு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கே கத்தித் தொழிலாளர் சங்கம் 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தாலேயே அமைக்கப்பட்டது. ஜோசப் ராஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் சிலுவையும் கொண்ட முத்திரை 1682ஆம் ஆண்டுக்கு உரியது. அந்த நிறுவனம் 1822இல் 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்தது; அதன் பிறகு ஆண்டுக்கு ஓர் அலகாகச் சேர்த்துவந்து, இடமில்லாமல் போகவே 1973இல் நிறுத்திக்கொண்டார்கள். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு 75 அலகுகளுடன் 'நார்ஃபோக் கத்தி' என்ற பெரிய கத்தியையும் அவர்களே செய்து வைத்தார்கள். பயன்படுத்த முடியாத கத்தியைத் திறமை காட்டுவதற்காகவே செய்யும் வழக்கம் சேகரிப்பாளர்களுக்கு வெகு முன்பே தொழிலுக்குள் இருந்தது என்பதற்கு இவை சாட்சி. ஆனால் ஊரை வாழவைத்தவை அவை அல்ல. சிறு அறைகளில் தனியாகவோ ஓரிருவரோடோ உட்கார்ந்து, நிறுவனங்களுக்குக் கூலிக்கும் தங்கள் கணக்கிலும் வேலைசெய்த 'லிட்டில் மெஸ்டர்' எனப்படும் சிறு தொழிலாளர்கள் செய்த கோடிக்கணக்கான சாதாரணக் கத்திகள்தான் உலகமெங்கும் போயின.

அவற்றுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. 1890இல் மெக்கின்லி சுங்கவரி வந்ததும் அந்தச் சந்தை ஷெஃபீல்டுக்கு அடைபட, அமெரிக்க ஆலைகள் தழைத்தன. ஷெஃபீல்டிலிருந்து புறப்பட்டுப் போன தொழிலாளர்கள் அங்கே ஏற்கெனவே குடியேறியிருந்தார்கள். வேலைக்கு ஏற்ப வடிவங்களும் பிரிந்தன. கால்நடை வைத்திருப்பவருக்கு மூன்று அலகுள்ள 'ஸ்டாக்மன்': ஒன்று பொது வேலைக்கு, ஒன்று நேர்க்கோட்டில் வெட்ட, ஒன்று காயடிக்க. கண்ணி வைத்துப் பிடிப்பவருக்குத் தோலுரிக்க நீண்ட இரண்டு அலகுள்ள 'டிராப்பர்'. சிறுவர்களுக்கு நீண்ட பூண் வைத்த மலிவான 'பார்லோ'. மார்க் ட்வெய்ன் 1876இல் எழுதிய டாம் சாயர் கதையில் அந்தச் சிறுவனுக்குப் பரிசாகக் கிடைப்பது அதுதான், விலை பன்னிரண்டரை செண்ட். வேலைதான் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதால், இன்று ஒரு பழைய கத்தியைப் பார்த்தே அது எந்தப் பிழைப்புக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லிவிட முடிகிறது. இந்தக் கத்திகளின் ஈர்ப்பில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் பிழைப்புகள் சுருங்கின. 1964இல் பூட்டிக்கொள்ளும் அலகோடு பக் நிறுவனத்தின் 110 வந்தது. 1981இல் ஸ்பைடர்கோ, அலகில் ஓட்டையும் பிடியில் கொக்கியும் வைத்து ஒரு கையாலேயே திறக்கும் கத்தியைக் கொண்டுவந்தது. எலும்புப் பிடிக் கத்தி கிழவர்களின் சரக்காகிவிட்டது.

ஒழுங்கான சேகரிப்பு தொடங்கியது ஏறக்குறைய இதே காலத்தில்தான். அதற்குக் கைகொடுத்தது ஒரு நிறுவனத்தின் முத்திரை. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனம் அலகின் அடியில் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று பொறித்துவந்தது. 1965இல் அதோடு 'யுஎஸ்ஏ' சேர்ந்தது. 1970இல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளி குறைந்தது. 1980இல் வேறு எழுத்துருவோடு மறுபடி பத்துப் புள்ளிகள். ஆக, ஒரு கத்தியைப் புரட்டிப் பார்த்தே அது செய்யப்பட்ட ஆண்டைச் சொல்லலாம். புள்ளி வைத்த கத்திகள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் பழைய முத்திரைக் கத்திகளைக் கடை கடையாகத் தேடி வாங்கினார்கள். கேஸின் எண்முறையும் இதற்குத் தோதாக அமைந்தது. 6347 என்றால் 6 எலும்புப் பிடி, 3 அலகுகளின் எண்ணிக்கை, 47 வடிவம். 5 என்று தொடங்கினால் மான்கொம்பு. ஆண்டு, பிடி, வடிவம் என்று கட்டம் போட்டு நிரப்ப வேண்டிய பட்டியல் ஒன்றை அந்த நிறுவனம் தன்னையறியாமல் சேகரிப்பாளர் கையில் கொடுத்துவிட்டது.

1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி விற்பது தடைபட்டதும், பழைய துப்பாக்கி வாங்கி விற்றவர்களில் பலர் கத்திக்கு மாறினார்கள். 1972இல் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கென்று தேசிய சங்கம் ஒன்று உருவானது. விலைப்பட்டியல் நூல்கள் வந்தன. பெர்னார்ட் லெவின் 1985இல் வெளியிட்ட கையேட்டை இன்றும் புரட்டுகிறார்கள். துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் 1922இல் துப்பாக்கிக் குண்டு வடிவப் பதக்கத்தைப் பிடியில் பதித்து வெளியிட்ட ஆர்1123 கத்தியை, அறுபது ஆண்டு கழித்து 1982இல் கமில்லஸைக் கொண்டு மறுபடி செய்வித்து விற்றார்கள். பழைய கத்தியின் மறுபதிப்பே ஒரு வியாபாரமாகும் என்பது அன்று உறுதிப்பட்டது. இன்றைய ஆலைகள் நிற்கும் தரை அதுதான். கேஸ் 1993இல் லைட்டர் செய்யும் ஸிப்போவைச் சேர்ந்தவர்கள் கைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. இண்டியானா மாநிலத்தின் டோனி போஸ் தனி ஆளாகச் செய்த மடக்குக் கத்திகளின் நேர்த்தியைக் கேஸ் தன் ஆலைக்குள் கொண்டுவந்து, அவரோடு சேர்ந்து வடிவங்கள் வெளியிட்டது. மலிவான பக்கத்தில், 'ரஃப் ரைடர்' போன்ற பெயர்களில் சீனாவில் செய்த பழைய வடிவங்கள் வந்து, கையில் காசு குறைந்தவர்களுக்கும் வாசலைத் திறந்துவிட்டன. அவற்றைச் சிலர் இளக்காரமாகப் பார்ப்பது சரியல்ல. பத்துக் கத்தியைத் திறந்து மூடிப் பார்க்காமல் யாருக்கும் நல்லது கெட்டது பிடிபடாது. அந்தப் பத்தை வாங்க வழிசெய்தது அந்தச் சரக்கு.

அமெரிக்காவுக்கு வெளியே இந்த ஆர்வம் வேறு நிறம் கொள்கிறது. ஃபிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் செய்த மரப்பிடிக் கத்தி எண் வரிசையில் வருகிறது. 1955இல் சேர்ந்த திருகு வளையத்தைத் தவிர அதில் பெரிய மாற்றமில்லை. அதைச் சேர்க்கிறவர்கள் வெட்டவும் செய்கிறார்கள், ஏனென்றால் அது இன்னும் ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் ஆன கத்தி. தியேர் நகரில் 1929இல் பிறந்த 'டூக்-டூக்' மெலனீசியத் தீவுகளுக்கு விற்பதற்காக அங்குள்ள ஆவியின் உருவத்தைப் பிடியில் தாங்கியது. கடைசியில் பேர் வாங்கியது அல்ஜீரியாவில். செய்தவர் நினைத்த இடத்துக்குத்தான் கத்தி போகும் என்றில்லை.

ஜப்பானின் 'ஹிகோனோகாமி' கதை எனக்கு மிக நெருக்கமாகப் படுகிறது. மடித்த தகடே பிடி, ஸ்பிரிங் கிடையாது. அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். ஹியோகோ மாவட்டத்து மிகி நகரின் பட்டறைகளிலிருந்து வந்த இந்தக் கத்தி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்கூடப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் கிடந்தது. 1960இல் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனேஜிரோ அசனூமா மேடையில் ஒரு பதினேழு வயது இளைஞனால் குறுவாளால் குத்திக் கொல்லப்பட்டார். பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. பென்சில் சீவும் கருவியும் வந்துவிட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. இன்று அந்தப் பெயரை உரிமையோடு பொறிக்கும் பட்டறை மிகியில் ஒன்றே ஒன்று. அது நிற்பதற்கு உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்களின் வாங்குதலும் ஒரு காரணம். பேனாக்கத்தியால் பென்சில் சீவிய தலைமுறை நம்மிடமும் உண்டு. நம் பேனாக்கத்திகளை அப்படித் தேடி வைத்தவர்கள் குறைவு.

இந்தியாவுக்கு இந்தக் கத்திகளோடு உள்ள உறவு பிடியில் இருக்கிறது. அடர்ந்த, உள்ளீடு குறைந்த மிளா மானின் கொம்புதான் மேற்கத்தியக் கத்திகளுக்கு மிக உயர்ந்த மான்கொம்புப் பிடியாகக் கருதப்பட்டது. நம் காடுகளில் மிளா ஆண்டுதோறும் உதிர்க்கும் கொம்பு கப்பலேறிப் போயிற்று. 1990களின் இறுதியில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடைசெய்தது. உதிர்ந்த கொம்பு என்று சொல்லி வேட்டையாடிய கொம்பும் போகும் வழியை அடைக்க வேறு வழியில்லை. அந்தத் தடை சரி என்றே கருதுகிறேன். அதற்கு முன்பு வாங்கிக் கிடங்கில் வைத்த கொம்பு குறையக் குறைய, மிளாக் கொம்புப் பிடிக் கத்தியின் விலை ஏறிவிட்டது. தந்தமும் அப்படித்தான். அமெரிக்கா 2016இல் விதிகளை இறுக்கியது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. தந்தப் பிடிப் பழங்கத்தி வைத்திருப்பவர் அதை விற்க முடியுமா என்று முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டிய நிலை. மாட்டெலும்பைச் செதுக்கி மான்கொம்பு போலத் தோன்றவைக்கும் முறையை அமெரிக்க ஆலைகள் நெடுநாளாகவே கையாண்டன. போலியாகப் பிறந்த அந்த எலும்பு வேலைக்கே இன்று தனி மதிப்பு. செதுக்கலின் பாங்கை வைத்து ஆலையையும் காலத்தையும் சொல்கிறார்கள்.

பழைய செல்லுலாய்டு பிடிகள் வேறொரு சங்கடம். மிட்டாய்க் கோடுகளும் முத்துப் பளபளப்புமாக, ஒரு காலத்தில் மிக அழகான பிடிகள் இந்தப் பொருளில்தான் வந்தன. வயதானால் அது மக்கத் தொடங்கி அமில ஆவியை விடும். அந்தக் கத்தியின் அலகு முதலில் துருப்பிடிக்கும். பெட்டியை மூடி வைத்தால் பக்கத்தில் கிடக்கும் கத்திகளும் கூடவே போகும். நீண்டகாலம் சேர்க்கிறவர்கள் செல்லுலாய்டை எலும்புப் பிடிகளிடமிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வைக்கிறார்கள். பொக்கிஷம் என்று தோல் உறையில் சுருட்டிப் பூட்டிவைத்தால் கெடுதல்; தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கத்தியை அவ்வப்போது எடுத்துத் திறந்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைப்பவர் வீட்டில்தான் அது நிலைக்கிறது.

விலை ஏறும் இடத்தில் போலி வரும். பழைய ரெமிங்டன் கத்திகளில்தான் இது மிகுதி. மலிவான கத்தியின் முத்திரையைத் தேய்த்து எடுத்துவிட்டு வேறு முத்திரை குத்துவார்கள். இரண்டு உடைந்த கத்திகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்குவார்கள். தேய்ந்த அலகைப் பளபளப்பாக்கிப் புதுசு என்பார்கள். அலகின் நுனி மடக்கும்போது பிடிக்குள் எவ்வளவு ஆழத்தில் போய் அமர்கிறது என்று பார்த்தால், எத்தனை முறை சாணை பிடித்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். சந்தையின் கணக்கோ எளிது: கூர்க்கல்லையே பார்க்காத கத்திக்கு உச்ச விலை, நன்கு உழைத்த கத்திக்கு அதில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கோடுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. டைட்டஸ்வில் ஆலையின் புதுக் கத்தி காகிதக் குழாயில் வருகிறது; அதைத் திறக்காமலே அலமாரியில் அடுக்கி, அடுத்த ஆண்டு இரட்டிப்பு விலைக்கு விற்கக் காத்திருப்பவர்கள் பெருகுகிறார்கள். அதனால் நிஜமாகவே ஒரு கத்தி வேண்டியவருக்கு அது எட்டாமல் போகிறது. ஆலையும் ஒரே வடிவத்தை நன்றாகச் செய்வதைவிட, அதே வடிவத்தைப் பத்து நிறப் பிடிகளில் விடுவதில் இறங்குகிறது. கார்பன் எஃகு பழத்தையும் எலுமிச்சையையும் வெட்ட வெட்ட நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும். அந்த நிறம் ஒருவகையில் அலகைத் துருவிலிருந்து காக்கவும் செய்யும். துருப்பிடிக்காத எஃகு எளிதாகக் கிடைக்கும் காலத்தில் கார்பன் எஃகை விரும்பி வாங்கிவிட்டு, நிறம் மாறிவிடும் என்று அஞ்சி அதால் ஓர் ஆப்பிளைக்கூட நறுக்காதிருப்பது அந்த எஃகைத் தேர்ந்ததற்கே முரண். நல்லவேளை, எதிர்ப்போக்கும் வலுப்படுகிறது. வாங்கிய கத்தியை ஆண்டு முழுவதும் பையில் போட்டுக்கொண்டு திரிந்து, அது எப்படி ஆகியிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டுகிறவர்கள் இளையவர்களில் அதிகம்.

சட்டம் இந்த ஆர்வத்தை எதிர்பாராத வகையில் ஊக்குவித்திருக்கிறது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத வெட்டு விளிம்பு கொண்ட மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டிக்கொள்ளும் அலகு அந்த விலக்குக்குள் வராது என்று பின்னர் நீதிமன்றம் தீர்த்தது. பூட்டில்லாத பழைய மடக்கே அங்கே பையில் வைக்கத்தக்க கத்தி. ஜப்பானில் ஆறு சென்டிமீட்டரைத் தாண்டிய அலகைத் தக்க காரணமின்றிக் கொண்டு திரிவது குற்றம். இந்திய ஆயுத விதிகள் ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ தாண்டும் அலகுகளைத்தான் குறிவைக்கின்றன. பேனாக்கத்தி அந்தக் கணக்கில் வராது. 2001க்குப் பிறகு அமெரிக்காவில் விமானப் பயணிகள் கைப்பையில் கத்தி கொண்டுபோக முடியாது. அமெரிக்க விமான நிலையங்களில் விட்டுச்செல்லப்பட்ட கத்திகளைச் சில மாநில அரசுகள் எடைக்கணக்கில் ஏலம் விடுகின்றன. அந்தக் குவியலைக் கிளறி நல்லதொரு கேஸ் கத்தியைக் கண்டெடுப்பதே சிலருக்குத் தனி வேட்டை.

இத்தனைக்கும் பிறகு எஞ்சும் கேள்வி கைகளைப் பற்றியது. ஷெஃபீல்டில் ஸ்டான் ஷா பதினான்கு வயதில் இபர்சன் நிறுவனத்தில் தொழில் கற்கச் சேர்ந்தார். எண்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம் கத்தி செய்தார். 2021இல் 94 வயதில் இறந்தார். முத்துச்சிப்பிப் பிடியும் பல அலகுகளும் கொண்ட அவருடைய கத்திக்குச் சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புதான் முதுமையிலும் அவரைப் பட்டறையில் உட்கார வைத்தது. ஆனால் காத்திருந்தவர்களின் பணம் ஓர் ஆளின் நேரத்தைத்தான் வாங்கியது. அவருக்குப் பக்கத்தில் ஒரு பையனை உட்காரவைத்து ஐந்தாண்டு சம்பளம் கொடுக்க அது போதவில்லை. ஷெஃபீல்டில் இன்று கையால் மடக்குக் கத்தி செய்கிறவர்கள் மிகச் சிலர், அவர்களிலும் சிலர் இளையவர்கள். அவர்கள் செய்யும் சாதாரண எருமைக்கொம்புப் பிடி, ஒற்றை அலகுக் கத்தி, டைட்டஸ்வில் குழாய்க் கத்தி ஒன்று கைமாறும் விலையைவிடப் பலசமயம் குறைவாகவே விற்கிறது. சேர்க்க விரும்புகிறவர் என்னிடம் யோசனை கேட்டால், அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். செய்தவரிடமே நேராக, தீட்டி வெட்டிப் பார்க்கும் எண்ணத்தோடு. அந்தப் பணத்தில் அடுத்த மாதத்துப் பட்டறை வாடகை இருக்கிறது.